குடிலில் பிள்ளையைக் காணோம்

காய்ச்சல் இல்லக்கா. என் பிள்ளை குழந்தை இயேசுவை முழுங்கிட்டான்.

சிரிக்காதீங்க. சீட்டு எழுதுற பொண்ணும் இப்படித்தான் சிரிச்சா. என்ன தொந்தரவுன்னு கேட்டா, சொன்னேன், பேனாவைக் கீழ வச்சிட்டுச் சிரிக்கிறா. அப்புறம் இவன் வாயைப் பார்த்தா பாருங்க, எழுந்து ஓடினா. நீங்களும் பாருங்க, உதடு, நாக்கு, பல்லு வந்த இடம் எல்லாம் பச்சை. அது சாயம். எங்க வீட்டுக் கிறிஸ்மஸ் குடில்ல புல்லுக்குப் பதிலா மரத்தூளைச் சாயத்துல முக்கிக் காயவச்சுப் போட்டிருக்கு. அதுவும் உள்ள போயிருக்கு. ஆனா இப்போ சாயத்தைப் பத்திக் கவலைப்பட எனக்கு நேரமில்ல.

எக்ஸ்ரே எடுக்கணுமாம். உள்ள ஆள் இருக்காம், உட்காருன்னாங்க. எப்படிக்கா உட்கார முடியும்? பத்து மாசப் பிள்ளை. பேரு ஜோவின். இப்போ சிரிக்கிறான் பாருங்க. சிரிக்கிற பிள்ளைக்கு ஒண்ணும் இருக்காதுன்னு ஆட்டோக்காரர் சொல்றார். அவருக்கு என்ன தெரியும்?

உங்க வீட்டுக்காரருக்குக் கையா? ஸ்டார் கட்டப் போயி ஏணி வழுக்கிடுச்சா? பாருங்க. நான் இதைத்தான் சொல்லிக்கிட்டே இருக்கேன். இந்த டிசம்பர் மாசம் வந்தாலே வீட்டுக்குள்ள எல்லாமே ஆபத்துதான். ஒருத்தருக்கும் புரியமாட்டேங்குது.

முதல்லேர்ந்து சொல்றேன். சொல்லலைன்னா அழுதுடுவேன்.

எங்க மாமி, அதாவது என் வீட்டுக்காரரோட அம்மா, குடில் வைக்கிறதுல எங்க கோயில் பங்குலேயே பெரிய பேரு. செபஸ்தியம்மா குடில்னா தெருவே நின்னு பார்க்கும். வருஷா வருஷம் போட்டியில முதல் பரிசு. பரிசு என்ன தெரியுமா, குக்கர். பரண்ல பிரிக்காத குக்கரா அடுக்கியிருக்கு. சோறு மட்டும் இன்னும் பானையிலதான். கேட்டா, குக்கர் சத்தம் தலைவலிக்குதும்பாங்க.

குடில்னா ஹால்ல பாதி. சிமென்ட் சாக்குத்தாளைக் கசக்கி, கஞ்சியில நனைச்சு, தேயிலைச் சாயம் பூசி மலை. முகம் பார்க்கிற கண்ணாடியைப் படுக்க வச்சுக் குளம். சிரட்டையில கேப்பை முளைக்கப் போட்டு வயல். சவுக்குக் கிளையில பஞ்சு ஒட்டிப் பனி. தூத்துக்குடியில யாருக்குக்கா பனி தெரியும்? அதுக்கு மேல போன வருஷத்து, அதுக்கு முந்தின வருஷத்து சீரியல் லைட், எல்லாம் ஒட்டுப்போட்ட வயர். இத்தனையும் தரையில. தவழ்ற பிள்ளை இருக்கிற வீட்டுல, தரையில.

நான் சொன்னேன், மாமி, இந்த வருஷம் மேசை மேல வைப்போம். 'மேசை மேல வச்சா அது குடில் இல்ல, கொலு'ன்னாங்க. வயரைப் பிள்ளை கடிப்பான்னேன். 'எம் பிள்ளையும் இதே வயரத்தான் கடிச்சான், இன்னைக்குக் கப்பல்ல எஞ்சின் ஓட்டுதான்'னாங்க. அவர்தான் என் வீட்டுக்காரர். இப்போ நடுக்கடல்ல இருக்கார், சிக்னல் கிடையாது. இருந்தாலும் என்ன சொல்லியிருப்பார்? 'அம்மா சொன்னா சரியா இருக்கும் பிரிசி'ம்பார்.

இவன் எட்டாம் மாசத்துல பிறந்தவன்க்கா. பூனைக்குட்டி மாதிரி இருந்தான். கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சிருந்தாங்க. அதுலேர்ந்து எனக்கு எதைப் பார்த்தாலும் அது இவன் தொண்டையில போயி நிக்கிற மாதிரியே தெரியும். பொத்தான், கடலை, பேனா மூடி. ஒயின் போட்டு வச்ச பரணி ஜாடி ஒண்ணு மூலையில இருக்கு, அது உருண்டு இவன் மேல விழுற மாதிரி. கல்கல் செய்யறப்போ ஒரு சீப்பு வச்சு மாவை உருட்டுவோம்ல, வரிவரியா வர்றதுக்கு, அந்தச் சீப்புப் பல்லு ஒண்ணு உடைஞ்சிருந்தது. அன்னைக்குச் செஞ்ச மொத்தக் கல்கல்லையும் ஒவ்வொண்ணா உடைச்சுப் பார்த்தேன்.  மாமி அதை எல்லாம் டப்பாவுல அள்ளி வச்சு, வர்றவங்ககிட்ட 'எங்க வீட்டுக் கல்கல் இந்த வருசம் தூளாத்தான் வரும், மருமக பக்குவம்'னு சொல்லிக் குடுத்தாங்க. எப்படி இருக்கும் எனக்கு?

சரி, விஷயத்துக்கு வர்றேன். குழந்தை இயேசு.

மாமியோட குடில்ல மாதா ஒரு சாண் உயரம். சூசையப்பர் அதைவிட உயரம். ஆனா பிள்ளை மட்டும் என் சுண்டுவிரல் அளவு. பழைய பிள்ளை உடைஞ்சு போயிடுச்சாம், மணப்பாட்டுல யாரோ குடுத்த வேற செட்டுப் பிள்ளையைக் கொண்டுவந்து போட்டுட்டாங்க. பீங்கான். மாதாவோட கை நீளம்கூட இல்ல. இது பொருந்தலையே மாமின்னேன். 'ஒன் பிள்ளையும் அப்பிடித்தானளா இருந்தான், வளரலையா'ன்னாங்க. எதைச் சொன்னாலும் என்கிட்டயே திருப்புவாங்க.

அளவு போகட்டும். நான் சொன்னது வேற. நான் ஒண்ணாம் வகுப்புலேர்ந்து கான்வென்ட் போர்டிங்க்கா. கொடைக்கானல் பக்கம். எங்க சிஸ்டர் லியோனி கிறிஸ்மஸுக்கு நாலு வாரம் முன்னாடி திருவருகைக் காலம் தொடங்கினதும் வெறும் தீவனத்தொட்டியைக் கொண்டுவந்து வைப்பாங்க. நாங்க ஒரு நல்ல காரியம் செஞ்சா ஒரு வைக்கோல் உள்ள போடலாம். பொய் சொல்லலைன்னா ஒண்ணு, அடுத்தவளுக்குத் தலை பின்னிவிட்டா ஒண்ணு. இருபத்திநாலாம் தேதி ராத்திரி பூசையிலதான் பிள்ளையைக் கொண்டுவந்து அந்த வைக்கோல் மேல படுக்க வைப்பாங்க. அதுவரைக்கும் தொட்டி காலி. அதுதான் முறை. அசிசி பிரான்சிஸ் முதன்முதலா குடில் வச்சப்போ உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்தி, தொட்டியில வெறும் வைக்கோலைத்தான் போட்டாராம். சிஸ்டர் சொல்வாங்க.

மாமி முதல் வாரமே பிள்ளையைப் படுக்க வச்சிட்டாங்க.

நான் சும்மா இருந்திருக்கலாம். முடியல. 'பிறக்காத பிள்ளையை எப்படி மாமி படுக்க வைப்பீங்க'ன்னு கேட்டேன். 'போட்டிக்கு வர்றவங்க இருபத்திரெண்டாந் தேதி வாராங்க. பிள்ளை இல்லாத குடிலுக்கு எவன் மார்க்குப் போடுவான்'னாங்க. காத்திருக்கிறதுதான் மாமி திருவருகைக் காலம்னேன். 'நான் காத்திருக்காத காத்திருப்பா, ஒம் மாமனார் கப்பல்லருந்து வர்றதுக்கு'ன்னாங்க. அப்படியே மூணு ராஜாவும் வந்து நிக்கிறாங்க பாருங்க மாமி, அவங்க ராஜாவும் இல்ல, மூணு பேருன்னும் பைபிள்ல இல்ல, அவங்க திருநாள் ஜனவரியிலதான்னு சொன்னேன். ஒட்டகத்தைக் கையில வச்சிருந்தாங்க, என்னை ஒரு பார்வை பார்த்தாங்க. 'இத்தன வருசம் நான் வச்சேன், எந்தப் பங்குச் சாமியாரும் வாயத் தொறக்கல. ஒனக்கு மட்டும் எங்கருந்துளா வருது.'

நான் விடல. தினமும் சொன்னேன். காப்பி ஆத்தும்போது சொன்னேன். கேக்குக்குச் சர்க்கரை கருக்கும்போது சொன்னேன். நேத்துக்கூட ஜெபமாலை முடிஞ்சு குடில் முன்னாடி முழங்கால்ல இருந்தப்போ சொன்னேன். ஏன் சொல்றேன்? முறைக்காக மட்டுமில்லக்கா. உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன. அந்தச் சுண்டுவிரல் பிள்ளை இவன் கைக்கு எட்டுற உயரத்துல இருக்கு. இவன் அதையே பார்த்துக்கிட்டிருப்பான். அதைப் பார்த்தா எனக்கு ராத்திரி தூக்கமே வராது. பயமா இருக்குன்னு சொன்னா மாமி சிரிப்பாங்க. அதனால திருச்சபை முறைன்னு சொன்னேன். திருச்சபையைச் சொன்னா கேட்பாங்கன்னு நெனச்சேன். எங்க கேட்டாங்க.

இன்னைக்கு மத்தியானம் கேக்கு மாவைக் கலந்து தகரத்துல ஊத்தி, மேல பேரு எழுதின துண்டுச்சீட்டை வச்சு, பேக்கரிக்கு எடுத்துட்டுப் போனாங்க. எங்க பக்கம் அப்படித்தான், வீட்டுல கலப்போம், பேக்கரி விறகடுப்புல குடுத்து வேகவைப்போம். கிறிஸ்மஸ் நேரம், வரிசை தெருவரைக்கும் நிக்கும். போறப்போ முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டு, என்கிட்ட ஒரு வார்த்தை பேசாம போனாங்க. போனையும் அடுப்படியிலேயே மறந்துட்டுப் போயிட்டாங்க.

நான் இவன் துணியை அலசிட்டு வர்றேன். அவ்வளவுதான்க்கா. அந்த நேரம்தான். வந்து பார்க்கிறேன், இவன் குடிலுக்கு நடுவுல உட்கார்ந்திருக்கான். வயல் மேல. ஒரு இடையன் கவுந்து கெடக்கான், கண்ணாடிக் குளத்துல இவன் கை அச்சு. வாய் பச்சை. இருமறான். தொட்டியைப் பார்த்தேன்.

காலி.

மரத்தூளை அள்ளிக் கொட்டினேன். மலையைப் பிச்சேன். ஆமாக்கா, மாமியோட மலையை. சிரட்டையை எல்லாம் கவுத்தேன். சவுக்குக் கிளையை உதறினேன். இல்ல. இவன் வாய்க்குள்ள விரலை விட்டேன், கடிச்சான். மாமிக்குப் போன் போட்டா அடுப்படியில அடிக்குது. எதிர்வீட்டு பிலோமி அக்காகிட்ட சாவியைக் குடுத்தேன், மாமி வந்தா சொல்லுங்க, பிள்ளையை முழுங்கிட்டான்னேன். அவங்க எந்தப் பிள்ளைன்னு கேட்கிறாங்க. ஆட்டோ ஏறிட்டேன்.

கூப்பிடுறாங்கக்கா. ஜோவின் பேரா சொன்னாங்க? இந்தப் பையைக் கொஞ்சம் பார்த்துக்கோங்க.

*

அக்கா, இருக்கு.

படத்துல தெரியுதுக்கா. டாக்டர் திரையில காட்டினார். நெஞ்சுக்கு நடுவுல, வெள்ளையா, நீளவாக்குல, முட்டை மாதிரி. உள்ள ஒரு உருவம் நிக்கிற மாதிரி. இதுதான் டாக்டர், இதுதான்னு திரையைத் தொட்டுக் காட்டினேன். தொண்டைக்குக் கீழ நிக்கலாம், குழாய் விட்டு எடுக்கணும், பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தர்றேங்கிறார். மயக்க மருந்து குடுக்கணுமாம். பத்து மாசப் பிள்ளைக்கு. எட்டாம் மாசத்துல பிறந்த பிள்ளைக்கு.

இல்ல, தண்ணி வேண்டாம். இவனுக்கும் குடுக்கக் கூடாதாம்.

நான் என்ன செய்யலக்கா? சொல்லுங்க. வயரைத் தூக்கிக் கட்டினேன். பரணியைச் சுத்தி மூணு நாற்காலி போட்டேன். கல்கல்லை உடைச்சேன். இவன் பிறந்தன்னைக்கே சிஸ்டர் லியோனி அனுப்பின மாதா பதக்கத்தை நூல்ல கோத்து இவன் பனியனுக்கு உள்பக்கம் முடிஞ்சு வச்சிருக்கேன், குளிக்கிற நேரம் தவிரக் கழட்டினதே இல்ல. இதோ, இந்த இடத்துல, நெஞ்சுக்கு நேரா...

ஏன்க்கா அப்படிப் பார்க்கிறீங்க?

*

நீங்க சொன்னதும்தான்க்கா எனக்கு உறைச்சது. படம் எடுக்கிற பையன்கிட்ட ஓடிப்போய்ச் சொன்னேன். அவன் பனியனைத் தூக்கிப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபடி பனியனைப் பார்த்தான். 'முதல்லயே சொல்லக் கூடாதாம்மா'ங்கிறான். முதல்லயே கேட்கக் கூடாதாப்பான்னேன். பதக்கத்தைக் கழட்டிட்டு மறுபடி எடுத்தான். சுத்தம். ஒண்ணுமே இல்ல. பீங்கான்னா கட்டாயம் தெரியும், பிள்ளை வயித்துல ஒண்ணும் இல்ல, நாளைக்கு டயப்பர் பச்சையா இருந்தா மறுபடி ஓடி வராதீங்கன்னு டாக்டர் சொல்லிட்டார்.

நிம்மதிதான். இல்லைங்கல. ஆனா அப்போ அந்தப் பொம்மை எங்க போச்சு? இவன் முழுங்கலைன்னா எங்க? இவன்தான் எடுத்து எங்கயோ எறிஞ்சிருக்கணும். நாளைக்கு எங்கயாவது கிடைச்சு, அப்போ முழுங்கினா? நீங்க சொல்லுங்க, பயப்படக் கூடாதுன்னு.

அண்ணனுக்குக் கட்டுப் போடக் கூப்பிடுறாங்க போல. போயிட்டு வாங்க. நான் மருந்துச் சீட்டுக்கு உட்கார்ந்திருப்பேன்.

*

முடிஞ்சுதா? வெள்ளைக் கட்டு நல்லாத்தான் இருக்கு அண்ணனுக்கு. ஸ்டாரை யாராவது இளவட்டம் கட்டட்டும்.

மெதுவாப் பேசுங்கக்கா. பக்கத்துல உட்கார்ந்து போன் பேசிக்கிட்டிருக்கிறது எங்க மாமிதான். நீங்க உள்ள போனப்போ வந்தாங்க. கால்ல செருப்பு இல்ல, கையெல்லாம் கேக்கு மாவு. பேக்கரி வரிசையில நின்னவங்ககிட்ட பிலோமி அக்கா போயிச் சொல்லியிருக்காங்க. கேக்கை யார்கிட்டயோ தூக்கிக் குடுத்துட்டு ஓடி வந்திருக்காங்க. இனி அது யார் அடுப்புல வேகுதோ.

வந்ததும் பிள்ளையைப் பிடுங்கினாங்க என்கிட்டேர்ந்து. திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க. வாயைத் திறந்து பார்த்தாங்க, கக்கத்தைப் பார்த்தாங்க. 'என்னளா முழுங்குனான்'னாங்க. குழந்தை இயேசுன்னேன். அப்படியே உட்கார்ந்துட்டாங்க.  அப்புறம் சொல்றாங்க, 'அத நாந்தானளா எடுத்து வச்சேன்.'

எனக்கு ஒரு நிமிஷம் புரியல. 'நீதான வைக்காதீங்க வைக்காதீங்கன்னு உசுர வாங்குன. இருபத்திநாலாந் தேதி வைக்கலாம்னு மத்தியானம் எடுத்துட்டேன்'ங்கிறாங்க.

இன்னைக்கு. போட்டிக்கு ஆள் வர்ற அன்னைக்கு.

ஏன் மாமி என்கிட்ட சொல்லலன்னு கேட்டேன். என்ன சொன்னாங்க தெரியுமா? 'சொன்னா நீ ஜெயிச்சிட்டன்னு பொங்கல் வரைக்கும் பேசுவ. பிள்ளைக்கு எட்டாம இருக்கட்டும்னுதான் நீ அந்தப் பாடு பட்டன்னு எனக்குத் தெரியாதா? அதுக்கு எதுக்குளா பிரான்சிஸ கூப்பிடுத.'

எப்படி இருக்கு பாருங்க. தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சும் இத்தனை நாள் வச்சிருந்திருக்காங்க. எடுத்ததும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இந்த ஓட்டம் உண்டா? சொல்லாம எடுக்கிறது ஒரு பழக்கமாக்கா? எங்க வச்சீங்கன்னு கேட்டேன். பீரோவுலயாம். இவன் பிறந்தப்போ ஆஸ்பத்திரியில ஒரு வெள்ளைத் துணியில சுத்திக் குடுத்தாங்க, முழ அகலம்தான் இருக்கும், அதுல சுத்தி வச்சிருக்காங்களாம். அந்தத் துணியை நான் எத்தனை மாசமாத் தேடிக்கிட்டிருக்கேன் தெரியுமா. எடுத்துத் தன் பட்டுப்புடவைக்கு அடியில வச்சிருக்காங்க. அதையும் கேட்கல, சொல்லல.

மலையைப் பிச்சிட்டேன் மாமின்னு சொன்னேன். சொல்லாம இருக்க முடியுமா, வீட்டுக்குப் போனா தெரிஞ்சிடுமே. 'எந்த மலைய'ன்னாங்க. எல்லாத்தையும்னேன். 'சரி'ன்னாங்க. அவ்வளவுதான். கத்தியிருந்தாக்கூட எனக்குப் பரவாயில்ல. இந்தச் சரியை வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய?

இப்போ பிலோமி அக்கா வீட்டைத் திறந்து விட்டிருக்காங்க. போட்டிக்கு மார்க் போட வந்துட்டாங்களாம். சாமியாரே வந்திருக்காராம். என் போன்ல கூப்பிட்டு மாமிகிட்ட குடுக்கச் சொன்னாங்க. கேளுங்க, கேளுங்க, அவங்க பேசுறதைக் கேளுங்க.

'ஆமா சாமி. இல்ல சாமி, பூகம்பமெல்லாம் இல்ல. பிள்ள வெளயாண்டுட்டான்.'

நான்தான் பிச்சேன். இவன் மேல போடுறாங்க பாருங்க.

'தொட்டியா? காலியாத்தான் இருக்கும். காணாமப் போகல சாமி, நாந்தான் எடுத்து வச்சேன். இன்னும் பொறக்கலல்லா. பொறக்காத பிள்ளைய எப்பிடி சாமி படுக்க வைக்க? காத்திருக்கதுதான திருவருகைக் காலம். மார்க்குப் போனாப் போகட்டும், எங்க வீட்டுல இனிமே இதான் முறை.'

கேட்டீங்களாக்கா? இது அத்தனையும் என் வார்த்தை. ஒரு எழுத்து மாத்தல. முதல் வாரத்துலேர்ந்து நான் தொண்டை கிழியச் சொன்னது. ஏதோ அவங்களே கண்டுபிடிச்ச மாதிரி சாமியாருக்கே பாடம் நடத்துறாங்க. என் மருமக சொன்னான்னு ஒரு வார்த்தை வருதா பாருங்க. வராது. இவங்களோட நான் எப்படிக்கா காலந்தள்ளுறது.

அண்ணனைக் கூட்டிக்கிட்டு கிளம்புறீங்களா? நான் எழுந்து வாசல் வரைக்கும் வந்திருப்பேன். எங்க எழுந்திருக்கிறது. பிள்ளையை மடியில போட்டுக்கிட்டு, போனைத் தோள்ல இடுக்கிக்கிட்டு, இன்னொரு கையில என் மணிக்கட்டைப் பிடிச்சாங்க, உட்கார்ந்ததுலேர்ந்து விடல. பாருங்க, என் கையெல்லாம் மாவு. காய்ஞ்சு இழுக்குது. உருவினா இன்னும் இறுக்கிப் பிடிக்கிறாங்க.